மூச்சு வாங்குதா, முட்டுதா?

"தண்ணி ஏறியிருக்கும், எடுத்துட்டா சரியாயிடும்." டயாலிசிஸ் வார்டுகளில் ஒரு நாளைக்குப் பலமுறை காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் டெக்னீஷியனாக இருக்கலாம், பணி மருத்துவராக இருக்கலாம், பல வருடமாக வாரம் தவறாமல் வந்துபோகும் பக்கத்துக் கட்டில்காரராகவும் இருக்கலாம். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே இருக்கும். உறுத்துவதும் அதுதான். அடிக்கடி பலிக்கிற ஒரு விடை கையில் இருந்தால் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடுகிறது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு மூச்சுக் கஷ்டம் வர ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. சிலவற்றில் நீர் எடுத்தால் உயிர் பிழைக்கும். சிலவற்றில் நீர் எடுப்பதே ஆபத்து.

தமிழில் இந்தக் கஷ்டத்துக்கு எத்தனை வினைச்சொற்கள்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது. படுத்தால் முட்டுது. விசில் சத்தத்தோடு இழுக்குது, இரைக்குது. நடந்தால் நெஞ்சு அடைக்குது. "மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடி வந்தவன் மாதிரி இருக்கு" என்பவரும் உண்டு. கேஸ் ஷீட்டில் இவை அத்தனையும் 'டிஸ்ப்னியா' என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் சொல்லே நோயைச் சொல்லிவிடாது. ஆனால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்லும்: எப்போது, எந்த நிலையில், எந்தக் கிழமையில்.

கிழமையும் தலையணையும்

கிழமை முக்கியம். வாரம் மூன்று டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரு நீண்ட இடைவெளி இருக்கும். திங்கள், புதன், வெள்ளி என்றால் ஞாயிறு இரவுதான் கெட்ட இரவு. நம்மூரில் பலர் வாரம் இரண்டு முறைதான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் நடுவே மூன்று முழு நாட்கள் காலியாக விழுகின்றன. அந்த இடைவெளியின் கடைசி இரவில் முட்டல் வந்து, டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகும்போது முற்றிலும் தணிந்தால், நீர்தான் காரணம் என்று ஓரளவு நம்பலாம். டயாலிசிஸ் முடிந்து, சொன்ன எடைக்கு இறங்கிய பிறகும் மூச்சு வாங்கினால் அந்த நம்பிக்கையை ஒத்திவைத்துவிட்டு மறுபடி தேட வேண்டும்.

அடுத்தது தலையணை. "எத்தனை தலையணை வைக்கிறீங்க, போன மாசம் எத்தனை?" மட்டமாகப் படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்பது நுரையீரலில் நீர் தேங்குவதன் பழைய, நம்பகமான அடையாளம். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று எழுந்து ஜன்னலைத் திறப்பதும் அப்படியே. குனிந்து செருப்பு மாட்டினால் முட்டுகிறது என்றால் அதையும் இதே கணக்கில் சேர்க்கலாம். கால் வீக்கம் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். வீக்கமே தெரியாமல் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீக்கம் காலில் தெரியாமல் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பின் அடியில் தெரியும். மார்பில் அல்ட்ராசவுண்ட் வைத்தால் தேங்கிய நீர் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். ஸ்டெதஸ்கோப்பில் கொரகொரப்பு கேட்பதற்கு முன்பே இது தெரிந்துவிடுவதுண்டு.

விசிலோடு இழுப்பவரிடம் ஒரு பொறி இருக்கிறது. நீர் கோத்த நுரையீரலும் விசிலடிக்கும். ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்தால் கொஞ்சம் தேவலையாகக்கூட இருக்கும், அந்தத் தேவலையே திசை திருப்பும். முன்பு இழுப்பே இல்லாதவருக்கு, டயாலிசிஸுக்கு முந்தைய இரவில் முதல்முறையாக இழுப்பு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரை.

இரண்டு உப்பு

நீர்க் கட்டுப்பாடு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உப்பைப் பற்றி அரைகுறையாகப் பேசுகிறார்கள். இதில் மொழியே ஒரு குழப்பத்தைச் செய்கிறது. நம்மூரில் ரத்தத்தில் தேங்கும் கழிவுகளான கிரியாட்டினினையும் யூரியாவையும் "உப்பு" என்றுதான் சொல்கிறோம். "கிட்னியில உப்பு ஏறிடுச்சு" என்று கேட்ட குடும்பம், சமையல் உப்பைக் குறைத்தால் கிரியாட்டினின் இறங்கும் என்று நினைக்கிறது. அது இறங்காததைப் பார்த்து, உப்பைக் குறைத்துப் பயனில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறது. உப்பைக் குறைப்பது தாகத்துக்காக, ரத்த அழுத்தத்துக்காக, மூச்சுக்காக.

கணக்கு எளிது. உடம்பு தன் சோடியத்தின் அடர்த்தியை மாறாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கும். சிறுநீர் வராதவர் உள்ளே அனுப்பும் சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். ஒரு நாளைக்கு 8 கிராம் என்றால் மூன்று நாள் இடைவெளியில் 3 லிட்டர். தண்ணீர்ப் பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு பரிமாறினால் தாகம் அவரைக் குழாயடிக்கே இழுத்துப் போகும்; அவரைத் திட்டிப் பயனில்லை. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, மொத்தச் சமையலுக்கும் சேர்த்து. அதைக் காலையிலேயே தனிக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுவதுதான் நடைமுறையில் பலிக்கிறது. இந்துப்புக்கு மாறினால் போதும் என்பது தவறு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது இன்னும் மோசம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது, இவர்களுக்கு அது இதயத்தை நிறுத்தக்கூடியது. நீர் அளவு பொதுவாக முந்தைய நாள் போன சிறுநீரோடு 500 மி.லி.; கஞ்சி, ரசம், மோர், காபி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சர்க்கரை கட்டுப்படாதவருக்கு, உப்பைக் குறைத்தும் தாகம் அடங்காவிட்டால் சர்க்கரையைப் பாருங்கள்.

ஏறிய நீரை இயந்திரம் எடுத்துவிடும், ஆனால் எவ்வளவு வேகமாக என்பதற்கு எல்லை உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் எடுத்தால் இதயத்துக்குக் கெடுதல் கூடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 780 மி.லி., நான்கு மணி நேரத்துக்கு 3 லிட்டரும் சொச்சமும். நாலரைக் கிலோ ஏறி வந்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வேண்டும். நாலு மணி நேரத்தில் அத்தனையையும் இழுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பிரஷர் விழும், சலைன் கொடுப்பார்கள், எடுத்ததில் பாதி திரும்ப உள்ளே போகும். அந்த வாரம் ஒரு டயாலிசிஸ் கூடுதலாகச் செய்வதோ, நேரத்தை ஐந்து மணியாக்குவதோ தண்டனை இல்லை என்பதை நோயாளிக்குப் புரியவைப்பது அந்த வார்டின் வேலை.

ட்ரை வெயிட் என்னும் பழைய எண்

இனி வருவதுதான் என்னை அதிகம் அலைக்கழிக்கும் நிலைமை. ஒருவரின் ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீரெல்லாம் வெளியேறிய பின் இருக்க வேண்டிய எடை, 58 கிலோ என்று சார்ட்டில் எழுதியிருக்கிறது. இடையில் இரண்டு மூன்று வாரம் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் 60 கிலோவில் வருகிறார், 2 லிட்டர் எடுத்து 58இல் அனுப்புகிறார்கள். தாளில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் படுத்தால் முட்டுகிறது. "ட்ரை வெயிட்டுக்குக் கொண்டு வந்தாச்சு, இது நீர் இல்லை, பயம்தான்" என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரை எழுதப்படுகிறது.

அவர் இழந்தது 3 கிலோ சதை. அந்த இடத்தை 3 லிட்டர் நீர் நிரப்பியிருக்கிறது. தராசுக்குச் சதையும் நீரும் ஒன்றுதான். உண்மையான ட்ரை வெயிட் இப்போது 55; அவர் ஒவ்வொரு முறையும் 3 லிட்டரைச் சுமந்துகொண்டே வீட்டுக்குப் போகிறார். இதற்கான தடயங்கள் தராசில் இருக்காது. சட்டை தோளில் தொளதொளக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், ஆனால் செருப்பு இறுக்கும். டயாலிசிஸ் முடிந்த பிறகும் பிரஷர் இறங்காது; மாத்திரை ஒன்று மூன்றாகியிருக்கும். எல்லாவற்றையும்விட ஏமாற்றும் தடயம் ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது: டயாலிசிஸுக்கு முந்தைய கிரியாட்டினின் 11இலிருந்து 8 ஆகியிருக்கும். "உப்பு குறைஞ்சிருக்கு" என்று வீடே சந்தோஷப்படும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. டயாலிசிஸ் முறையில் எதையும் மாற்றாமல் அது குறைந்தால் தசை கரைகிறது என்று பொருள்.

ஆகவே ட்ரை வெயிட் மாதம் ஒருமுறை, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரி வாசத்துக்கும் பிறகு கட்டாயம், மறுபடி தீர்மானிக்கப்பட வேண்டிய எண். அதே தராசு, அதே அளவு உடை. சந்தேகம் வந்தால் ஒவ்வொரு முறையும் 300 முதல் 500 கிராம் வரை கூடுதலாக இறக்கிப் பார்க்க வேண்டும், ஒரே நாளில் 3 லிட்டரையும் அல்ல. நீர் இறங்க இறங்க பிரஷர் மாத்திரைகளையும் குறைத்துவர வேண்டும். அதை மறந்தால் பிரஷர் விழும், "பார்த்தீங்களா, நீர் இல்லை" என்று தவறான முடிவுக்கு மறுபடி வந்துவிடுவார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பசி திரும்பிச் சதை போட்டவருக்குப் பழைய எடைக்கே இழுத்தால் தசைப்பிடிப்பும் மயக்கமும் வரும், டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாகூட அடைத்துக்கொள்ளலாம்.

நுரையீரல் சுத்தமாக இருக்கும்போது

மார்பில் சத்தம் இல்லை. எக்ஸ்ரே தெளிவு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 99 காட்டுகிறது. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 28, ஆழமாக, சீராக, நிற்காமல். இவர்தான் "ஓடி வந்தவன் மாதிரி" என்றவர். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்; பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பும். ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது, சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றிச் செய்துகொண்டிருக்கிறது. சர்க்கரை நோய் மயக்கத்தில் இந்த மூச்சை ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874இல் விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 10 என்றால் கரியமில வாயுவின் அழுத்தம் 23 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த வேக மூச்சுதான் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. பதற்றம் என்று நினைத்து மயக்க ஊசி போட்டாலோ, குழாய் போட்டு வென்டிலேட்டரை நிமிடத்துக்கு 14 என்று வைத்தாலோ அந்தப் பிடி விட்டுப்போகும்.

இவருக்கு நீரை மட்டும் எடுத்தால் அமிலம் சரியாகாது. முழு டயாலிசிஸ் வேண்டும். முதல்முறை டயாலிசிஸ், யூரியா மிக அதிகம் என்றால் இரண்டு மணி நேரம், மெதுவான ரத்த ஓட்டம், மறுநாள் மீண்டும். அவசரப்பட்டு யூரியாவை இறக்கினால் மூளை வீங்கும். கால்சியம் குறைவாக உள்ளவருக்கு அமிலத்தை வேகமாகச் சரிசெய்தால் கால்சியத்தின் பயன்படும் பகுதி மேலும் இறங்கி, கை கால் இழுக்கலாம், வலிப்பு வரலாம். இன்னும் டயாலிசிஸ் நிலைக்கு வராதவருக்கு சோடா மாத்திரை இந்த மூச்சைத் தள்ளிப்போடும்; 500 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 6 மில்லிமோல் பைகார்பனேட். ஆனால் அதிலும் சோடியம் இருக்கிறது, எடையையும் காலையும் பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும்.

ரத்தசோகையிலும் ஆக்சிமீட்டர் 99தான் காட்டும். அது சொல்வது, இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே. எல்லாப் பேருந்திலும் இருக்கை நிறைந்திருக்கிறது, ஆனால் ஊருக்கு இருபது பேருந்து வேண்டிய இடத்தில் எட்டுதான் ஓடுகிறது. இந்த மூச்சு உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, குளியலறைக்கு நடந்தால் வாங்கும். படுத்தாலும் நின்றாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாரக்கணக்கில் மெல்ல வருவதால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். இரும்புச்சத்தை முதலில் நிரப்பி, பிறகு ரத்த அணுக்களை ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் ஊசி. ஹீமோகுளோபின் 10க்கும் 11.5க்கும் இடையில் இருந்தால் போதும். அதற்கு மேல் துரத்தியபோது பக்கவாதமும் இதயக் கோளாறும் கூடியதை 2006, 2009 ஆண்டுகளின் பெரிய ஆய்வுகள் காட்டின. ஊசி போட்டும் ஏறவில்லை என்றால் எங்கோ கிருமித் தொற்றோ, ரத்தக் கசிவோ, டயாலிசிஸ் போதாமையோ இருக்கும். ஊசி வெயிலில் வந்ததா என்றும் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியதைச் சட்டைப் பையில் போட்டு மதிய பஸ்ஸில் கொண்டு வருபவர்கள் உண்டு. ரத்தம் ஏற்றியே தீர வேண்டும் என்றால் டயாலிசிஸ் நடக்கும்போதே ஏற்றுவது நல்லது: பையின் நீரும், சேமித்து வைத்த ரத்தத்தில் கசிந்திருக்கும் பொட்டாசியமும் அங்கேயே வெளியேறும். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு பையும் பொருத்தம் கிடைப்பதைக் கடினமாக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீர் எடுத்தால் கெடும் இடம்

இதயத்தைச் சுற்றிய உறையில் நீர் சேர்ந்திருந்தால் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், மூச்சு வாங்கும், ஆனால் நுரையீரல் சுத்தமாக இருக்கும், பிரஷர் குறைவாக இருக்கும். டயாலிசிஸ் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பிரஷர் மடமடவென விழும். எக்ஸ்ரேயில் இதயம் குடம் போலத் தெரியும். இறுக்கப்பட்ட அந்த இதயம் ரத்தக்குழாயில் இருக்கும் நிறைவை நம்பித்தான் நிரம்புகிறது. அதை இழுத்தால் நின்றுபோகலாம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் ஒரு மி.லி.கூட எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் கூடாது, உறைக்குள்ளேயே ரத்தம் கசியும்.

சர்க்கரை நோயாளியின் மாரடைப்பு பல நேரம் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சாக மட்டும் வரும். திடீரென்று வந்த மூச்சு, வியர்வை என்றால் ஈசிஜி எடுங்கள்; பொட்டாசியம் ஏறியிருந்தாலும் அதே தாளில் தெரியும். மேல்கை ஃபிஸ்டுலா வருடக்கணக்கில் பெருத்து, நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ரத்தத்தைக் குறுக்கு வழியில் ஓடவிட்டு இதயத்தைக் களைக்க வைப்பதும் உண்டு. ஃபிஸ்டுலாவை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் நாடித்துடிப்பு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஓட்டத்தை அளக்க அனுப்ப வேண்டும். ஒரு பக்க மார்பில் மட்டும் நீர், சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம் என்றால் காசநோய். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு, அந்த நீரை ஊசி வைத்து எடுத்துப் பரிசோதிக்காமல் 'ஓவர்லோடு' (நீர் மிகுதி) என்று விடக் கூடாது. இயந்திரத்தில் இணைத்த முதல் சில நிமிடங்களில் அரிப்போடும் எரிச்சலோடும் மூச்சு அடைத்தால் ரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் ஒவ்வாமை: இயந்திரத்தை நிறுத்தி, குழாய்களைக் கிளாம்ப் செய்ய வேண்டும், உள்ளிருக்கும் ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

நள்ளிரவில்

வீட்டில் முட்டல் வந்தால் உட்கார வையுங்கள், காலைக் கீழே தொங்க விடுங்கள். இருமினால் நுரை, பேச்சு ஒரு வாக்கியம்கூட முடியவில்லை, உதடு நீலம் என்றால் காலை வரை பொறுக்க வேண்டாம். 108க்கு அழைக்கும்போது முதல் வாக்கியமே "டயாலிசிஸ் பேஷன்ட்" என்பதாக இருக்கட்டும். இரவில் டயாலிசிஸ் இயங்கும் ஆஸ்பத்திரிதான் வேண்டும். அது எது என்று முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள். தெம்புக்கு என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அரை லிட்டர் அங்கேயே ஏறிவிடும். ஃபிஸ்டுலா கையில் ஊசி, பிரஷர் பட்டை எதுவும் கூடாது. ஆக்சிமீட்டரையும் அடுத்த கையில், நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் இயந்திரம் தயாராகும் வரை ஆக்சிஜன், முகத்தில் இறுக்கி அழுத்தத்தோடு காற்று தரும் மாஸ்க், பிரஷர் அதிகம் என்றால் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின். இன்னும் சிறுநீர் போகிறவருக்கு, சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு பலன் தரும், ஆனால் சாதாரண அளவு போதாது. 80 முதல் 200 மி.கி. வரை தேவைப்படும், நிமிடத்துக்கு 4 மி.கி. வேகத்தைத் தாண்டினால் காது கேட்காமல் போகலாம். சிறுநீரே இல்லாதவருக்கு அதைக் கொடுத்துக் காத்திருப்பது நேரத்தை வீணாக்குவது.

டயாலிசிஸ் வேண்டாம் என்றவர்கள்

எண்பது வயதில், வேறு பல நோய்களோடு, இயந்திரம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் மூச்சு முட்டும். அவர்களைப் பற்றி நம் வார்டுகள் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். உப்பு, ஃபுரோசமைடு, சோடா மாத்திரை, எரித்ரோபாய்டின் இவை எல்லாம் அவர்களுக்கும் உண்டு. "0 முதல் 10க்குள் இன்னைக்கு மூச்சுக் கஷ்டம் எவ்வளவு?" என்று தினமும் கேட்டு எழுதினாலே மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்த கட்டத்தில் பலரும் மார்ஃபினை நினைப்பார்கள். அதன் கழிவுகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். இவர்களுக்கு அவை தேங்கி அதிதூக்கம், உடல் வெட்டி வெட்டி இழுத்தல், மூச்சு மந்தம் என்று முடியும். வலி நிவாரண மருத்துவர் பார்வையில், மிகக் குறைந்த அளவில் ஃபென்டனைல் போன்றவை அதைவிடப் பாதுகாப்பு. ஆக்சிஜன் அளவு 92க்கு மேல் இருப்பவருக்குச் சிலிண்டரைவிட விசிறி மேல். கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் குளிர்ந்த காற்று படும்போது அங்குள்ள நரம்பு, மூச்சு போதவில்லை என்ற உணர்வைத் தணிக்கிறது. 2010இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில் ஐந்து நிமிடம் கைவிசிறியின் காற்றை முகத்தில் பட வைத்தபோது கஷ்டம் குறைந்தது, காலில் பட வைத்தபோது அப்படிக் குறையவில்லை. ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் போதும். மின்சாரம் போன இரவில் பனையோலை விசிறியும் அதே வேலையைச் செய்யும். முன்னால் ஒரு மேசை, அதன் மேல் தலையணை, அதில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்த உட்காரல். அறையில் ஆள் கூட்டம் வேண்டாம், ஒருவர் போதும். எந்தக் கன்னத்தில் காற்று பட்டால் இதமாக இருக்கிறது என்று அந்த ஒருவர் அவரிடமே கேட்கட்டும்.